இறங்கும்போது எடுத்த அளவு

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. இடுப்பளவு உயரம்தான், ஆனால் நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அதற்குத் தண்ணீர் விடுவது என் வேலை. தண்ணீர் ஓடாமல் கரன்ட் கொடுத்தால் சுருள் கருகிவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் கருகியதில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். என் பேர் இசக்கியப்பன், பதவி மெக்கானிக்.

குரு, சீடன் என்றதும் குருவுக்குத்தான் வயது அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே குரு மெஹர்நிஷா மேடம், மேலப்பாளையத்துக்காரர், முப்பத்தெட்டு வயது. சீடர் தாசையன் சார். வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ இயற்பியல் எடுக்கிறவர். ஐம்பத்து மூன்று. சனிக்கிழமையும் லீவு நாளும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். ஆறு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார்.

ஆய்வு என்னவென்றால் இதுதான். காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு காட்மியம் விளக்கு. அதன் சிவப்பு வெளிச்சம் கண்ணாடித் தட்டுகள் வழியாகப் போய் கம்ப்யூட்டர் திரையில் வளையம் வளையமாக விழும். காந்தத்துக்குக் கரன்ட் ஏற்றினால் ஒவ்வொரு வளையமும் மூன்றாகப் பிரியும். கரன்ட் கூடக் கூட மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். ஏன் மூன்று, ஏன் ஏழெட்டு இல்லை என்று மேடத்திடம் ஒரு தடவை கேட்டேன்.

"உங்க பைக்ல ரெண்டாவது கியருக்கும் மூணாவது கியருக்கும் நடுவுல என்ன இருக்கு அண்ணே?"

"ஒண்ணும் கிடையாது."

"அணுவுக்கும் அப்படித்தான். காந்தப்புலத்துக்குள்ள வந்துட்டா அது நினைச்ச பக்கம் சாய முடியாது. இன்னின்ன நிலைன்னு எண்ணி வச்சாச்சு. நடுவுல நிக்க இடமில்ல. ஒரு நிலையில இருந்து இன்னொண்ணுக்கு விழும்போதுதான் இந்த வெளிச்சம்."

"யாரு எண்ணி வச்சா?"

"அதைத்தான் நூறு வருஷமா எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க. நீங்க தண்ணியைத் திறங்க."

அன்றோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். தாசையன் சார் மாதிரி ஆள் விட மாட்டார். அவரிடம் ஒரு பழைய காயம் இருந்தது.

அவருடைய இருபத்தைந்தாவது வயதில் எம்.ஃபில் வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் ஆவுடைநாயகம் கேள்வி கேட்க வந்திருக்கிறார். கேள்வி என்னவோ சின்னதுதான், இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆவுடைநாயகம் எழுந்து, "நான் போய்க் காப்பி குடிச்சிட்டு வாறேன். அதுக்குள்ள பதில் வந்தா ஒரு தாள்ல எழுதி வையும்" என்றாராம். மொத்த ஹாலும் சிரித்திருக்கிறது. காப்பி குடிக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. தாசையன் சார் ஒரு மணி நேரம் கையில் தாளோடு நின்றிருக்கிறார்.

இந்தக் கதையை என்னிடம் மட்டும் முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

மே மாதம் பதினோராம் தேதி. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். இருபதாம் தேதி அவருக்கு ஆய்வேடு சமர்ப்பிக்குமுன் நடக்கும் கருத்தரங்கு. அதில் தேற வேண்டும். மாதம் முடிந்தால் பதிவே காலாவதி, இனி நீட்டிப்பு கிடையாது. அந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க ஆவுடைநாயகம்தான் வர வேண்டும் என்று இவரே பிடிவாதம் பிடித்துக் கூப்பிட வைத்திருந்தார். எண்பதைத் தொட்ட மனிதர், வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை தாசையன் சார் வந்த வேகத்தைப் பார்த்து நானே எழுந்து நின்றுவிட்டேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே மேடத்தின் மேஜைக்குப் போய் இரண்டு கிராஃப் தாளை விரித்தார்.

"அணுவுக்கு ஞாபகம் இருக்கு மேடம்."

மேடம் தாளைப் பார்த்தார்.

"இது கரன்ட் ஏத்தும்போது எடுத்த அளவு. இது இறக்கும்போது எடுத்தது. அதே அஞ்சு ஆம்பியர், அதே விளக்கு. ஆனா இறங்கும்போது பிரிவு கூடுதலா இருக்கு. நூத்துக்கு ஆறு பங்கு. ஒரு தடவை இல்ல மேடம், நாற்பது தடவை எடுத்துட்டேன். பத்து ஆம்பியர் வரைக்கும் போய்ட்டு வந்ததை அணு மறக்கல. அஞ்சாம் அதிகாரம் முழுக்க இதான். எழுதி முடிச்சாச்சு."

"நல்லா எடுத்திருக்கீங்க."

"இதை அவர் முன்னாடி வைக்கப்போறேன். காப்பி குடிக்கப் போகட்டும் பாப்போம்."

மேடம் இரண்டு தாளையும் மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்.

"அஞ்சு ஆம்பியர்ல காந்தப்புலம் எவ்வளவு சார்?"

"நாலாயிரத்து இருநூறு காஸ்."

"எப்படித் தெரியும்?"

தாசையன் சார் சுவரைக் காட்டினார். காந்தத்துக்கு மேலே சுவரில் ஒரு சார்ட்டு ஒட்டியிருக்கும். இத்தனை ஆம்பியருக்கு இத்தனை காஸ் என்று பச்சை மையில் வரிசையாக எழுதியது. யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது. மூலை கிழிந்தபோது செலோடேப் போட்டு ஒட்டியவன் மட்டும் நான். எங்கள் ஆய்வகத்தில் இதுவரை பட்டம் வாங்கிப் போன அத்தனை பேரும் அந்தச் சார்ட்டைப் பார்த்துத்தான் காந்தப்புலத்தை எழுதியிருக்கிறார்கள்.

"இசக்கி அண்ணே, காஸ்மீட்டர் எங்க?"

காஸ்மீட்டர் என் பீரோவில் பூட்டியிருந்தது. காந்தப்புலத்தை நேரே அளக்கிற கருவி அது. அதன் ப்ரோப் நுனி அப்பளம் மாதிரி, தொட்டால் ஒடியும். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு மாணவன் ஒடித்துவிட்டான், புதுசு வாங்கிக் கொடுத்தார்கள், கூடவே மெமோவும் வந்தது எனக்கு. அன்றிலிருந்து யார் கேட்டாலும் "ரிப்பேர்" என்று சொல்லிவிடுவேன். தாசையன் சாரும் இரண்டு தடவை கேட்டார். அவரிடமும் அதையேதான் சொன்னேன்.

"ரிப்பேர்தானே அண்ணே?" என்றார் மேடம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"சரி பண்ணியாச்சு" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

மேடம் விளக்கைக் கழற்றி வைத்தார். தாசையன் சாரைக் கரன்ட் ஏற்றச் சொன்னார். பத்து ஆம்பியர் வரை ஏற்றி, மெல்ல மெல்ல இறக்கி, பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். பிறகு சப்ளையை அணைக்கச் சொன்னார். ப்ளக்கையும் பிடுங்கச் சொன்னார்.

"இப்ப புலம் எவ்வளவு?"

"பூஜ்யம்."

மேடம் ப்ரோப்பை அவர் கையில் கொடுத்தார். "வச்சுப் பாருங்க."

அவர் முனைகளுக்கு நடுவில் வைத்தார். மீட்டரில் இருநூற்றுப் பத்து என்று காட்டியது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இருநூற்றுப் பத்து. ப்ளக் தரையில்தான் கிடக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை ஏத்தி, இறங்கும்போது அஞ்சுல நிறுத்துங்க" என்றார் மேடம்.

நிறுத்தினார். சார்ட்டில் நாலாயிரத்து இருநூறு. மீட்டரில் நாலாயிரத்து நானூற்று ஐம்பது. நூற்றுக்கு ஆறு பங்கு கூடுதல்.

தாசையன் சார் ப்ரோப்பை என்னிடம் நீட்டினார். நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்காரப் போனார், நான்தான் இழுத்துப் போட்டேன்.

"இரும்பு" என்றார்.

"ஆமா."

"ஞாபகம் வச்சிருந்தது இரும்பு. அணு இல்ல. புலம் நிஜமாவே கூடுதலா இருந்திருக்கு, அணு அதுக்குத் தக்கன பிரிஞ்சிருக்கு. அது சரியாத்தான் சொல்லியிருக்கு."

"ஆமா சார்."

"கரன்டை நிறுத்தினாலும் இரும்பு காந்தத்தை முழுசா விடாது. காந்தத் தயக்கம். வருஷா வருஷம் நான் போர்டுல வரையுற படம் மேடம் இது. அஞ்சு மார்க் கேள்வி. இருபத்தேழு வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கேன். சார்ட்டு ஏறும்போது மட்டும் எடுத்ததுன்னு எனக்கு ஏன் தோணல? நான் ஒரு மடையன். அதை ஆவுடைநாயகம் அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாரு."

கிராஃப் தாள் இரண்டையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கேட் வரை பின்னாலேயே போனேன்.

"சார், ப்ரோப்பை நான்தான் ஒளிச்சு வச்சேன். நீங்க கேட்டப்ப குடுத்திருந்தா..."

"போ இசக்கி" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மனிதர் இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆய்வகத்தைத் திறக்க வந்தால் படியில் உட்கார்ந்திருக்கிறார். நாலரை மணி பஸ்ஸில் வந்திருக்கிறார். பையில் மாற்றுச் சட்டை, சோப்பு, போர்வை.

"இசக்கி, விடுதியில ஒரு ரூம் பாரு. இருபதாம் தேதி வரைக்கும் நான் ஊருக்குப் போகல. எல்லாத்தையும் முதல்ல இருந்து எடுக்கப்போறேன். அந்தச் சார்ட்டைக் கழத்து."

கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

மேடம் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த இரும்பை மறக்க வைக்க முடியுமா மேடம்?"

"முடியும். சும்மா அணைச்சா மறக்காது."

"பின்ன?"

"பத்து ஆம்பியர் இந்தப் பக்கம் குடுங்க. இறக்கி, ஒன்பது அந்தப் பக்கம் குடுங்க. அப்புறம் எட்டு இந்தப் பக்கம். அப்படியே குறைச்சுக்கிட்டே வாங்க. அவசரப்பட்டா எந்தப் பக்கம் விட்டீங்களோ அந்தப் பக்கமா நின்னுடும்."

கரன்டைத் திசை மாற்றுகிற ரிவர்ஸ் சுவிட்ச் என் கையில், கரன்ட் குமிழ் அவர் கையில். ஒவ்வொரு வரிசை தொடங்குமுன்னும் இதைச் செய்தோம். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம். முதல் நாள் அவசரத்தில் ஏழிலிருந்து நாலுக்குத் தாவினார். வைத்துப் பார்த்தால் அறுபது காஸ் மிச்சம். வாய்க்குள் என்னவோ திட்டிக்கொண்டு மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார். ஐந்தாவது தடவையில் மீட்டர் இரண்டு, மூன்று என்று வந்து நின்றது.

பிறகு அளவு. கரன்ட் ஏற்றுவது, விளக்கு வைத்து வளையத்தைப் படம் எடுப்பது, விளக்கை எடுத்துவிட்டு ப்ரோப் வைத்துப் புலத்தை அளப்பது. ஒவ்வொரு ஆம்பியருக்கும் இதே வேலை. இறங்கும்போதும் இதே வேலை. ப்ரோப்பை நானேதான் வைத்தேன். எட்டு நாள் பச்சைக் குழந்தையைப் போல அதைப் பிடித்திருந்தேன், நுனி ஒடியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிடும்போது தாசையன் சார் கேட்டார்.

"இரும்பு ஏன் வச்சிக்கிடுது, அணு ஏன் வச்சிக்கிட மாட்டேங்குது?"

மேடம் டிபன் டப்பாவை மூடினார். "இரும்புல ஒரு கூட்டமே ஒண்ணா ஒரு பக்கம் திரும்பி நிக்கும் சார். ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். ஒருத்தன் திரும்பலாம்னு பாத்தா பக்கத்துல இருக்கவன் விட மாட்டான். உங்க விளக்குல இருக்கற காட்மியம் ஆவி. அதுல ஒவ்வொண்ணும் தனியா கிடக்கு."

"தனியா இருந்தா மறந்துடுமா?"

"ஒரு அணு கிளர்ந்து, வெளிச்சத்தை விட்டு அடங்குறதுக்கு எவ்வளவு நேரம்?"

"கண் சிமிட்டுற நேரத்துல கோடியில ஒரு பங்கு."

"அந்த நேரத்துல அதைச் சுத்தி எவ்வளவு புலம் இருக்கோ அதுக்குத்தான் அது பதில் சொல்லும். காலையில எவ்வளவு இருந்துச்சுன்னு அதுகிட்ட கேக்காதீங்க."

தாசையன் சார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் கிராஃப் போட்டார்கள். கரன்டை வைத்து இல்லை, அளந்த புலத்தை வைத்து. ஏறும்போது எடுத்தது நீலப் புள்ளி, இறங்கும்போது எடுத்தது சிவப்புப் புள்ளி. அத்தனையும் ஒரே கோட்டில் விழுந்தன. எது நீலம், எது சிவப்பு என்று கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

தாசையன் சார் சந்தோஷப்படவில்லை.

"புதுசா ஒண்ணும் இல்ல மேடம். புஸ்தகத்துல இருக்கற கோடு. இதை வச்சுக்கிட்டா அவர் முன்னாடி நிக்கணும்?"

"வேணாம்னா சொல்லுங்க. அவருக்கு உடம்பு முடியாத வயசு. வேற ஒருத்தரைத் தலைமைக்குக் கூப்பிட்டுக்கலாம். நான் பேசுறேன்."

நான் மனதுக்குள் 'சரின்னு சொல்லும் ஓய்' என்றேன்.

அவர் கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் மேடம். அவரே வரட்டும். அஞ்சாம் அதிகாரத்தைத் தூக்கிடல. நான் எப்படி ஏமாந்தேன்னு மாத்தி எழுதியிருக்கேன். அதையே சொல்றேன். சிரிச்சா சிரிக்கட்டும். இந்தத் தடவை நான் நின்னு பதில் சொல்லாம போக மாட்டேன்."

இருபதாம் தேதி ஹால் நிறைந்திருந்தது. ஆவுடைநாயகத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். காதில் மெஷின். முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் கடைசி வரிசையில் நின்றேன்.

தாசையன் சார் பேச ஆரம்பித்தார். முதல் ஐந்து நிமிஷம் தாளைப் பார்த்தே படித்தார். தண்ணீர் குடித்தார். பிறகு சரியாகிவிட்டது. சார்ட்டை நம்பி ஏமாந்த கதையைச் சொன்னபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

பேசி முடித்ததும் ஆவுடைநாயகம் கண்ணைத் திறந்தார்.

"ஒரு கேள்வி."

"பக்கவாட்டுல நின்னு பாத்தா மூணு வளையம். அதே காந்தத்தோட முனையில துளை போட்டு, புலத்தோட திசையிலேயே பாத்தா ரெண்டுதான் தெரியும். நடுவுல இருந்தது எங்க போச்சு?"

தாசையன் சார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணினேன். பதினொன்று வரை எண்ணிவிட்டேன். யாராவது காப்பி என்று சொல்லிவிடப் போகிறார்களே என்று எனக்குப் பதறியது.

"எங்கேயும் போகல சார்" என்றார். "நடு வளையத்து ஒளி காந்தப்புலத்தோட திசையிலேயே அதிருது. ஒளி தன்னோட அதிர்வுத் திசையில போகாது. அதனால அந்தப் பக்கம் நின்னு பாக்கறவனுக்கு வராது. அணு எப்பவும் போலத்தான் இருக்கு. நாம நிக்கற இடம்தான் மாறியிருக்கு."

ஆவுடைநாயகம் தலையை மெல்ல ஆட்டினார். "சரி" என்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு என்ன சொன்னீர்?"

"தாசையன்."

"தன் தப்பைத் தானே புட்டுப்புட்டு வைக்கிற ஆளை இந்த ஹால்ல நான் பாத்தது கம்மி. எந்த ஊரு உமக்கு? இதுக்கு முன்னால நாம சந்திச்சிருக்கோமா?"

தாசையன் சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் சட்டென்று என்னைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார் தாசையன் சார்.

ஆவுடைநாயகம் கையெழுத்துப் போட்டார். கைதட்டினார்கள். தேறியாகிவிட்டது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம்.

எல்லோரும் போன பிறகு மூன்று பேரும் ஆய்வகத்துக்கு வந்தோம். தாசையன் சார் காந்தத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"அவருக்கு என்னை ஞாபகமே இல்ல மேடம்."

மேடம் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"நடிக்கல. நான் அவர் கண்ணைப் பாத்தேன். இருபத்தெட்டு வருஷம் மேடம்! குளிக்கும்போது, வகுப்புக்குப் போகும்போது, பஸ்ல உக்காந்திருக்கும்போது, தினமும் அந்த ஆளோட மனசுக்குள்ள சண்டை போட்டிருக்கேன். என் வீட்டுக்காரிக்கு அவர் பேரைக் கேட்டாலே ஆகாது. என் பிள்ளைங்க என்கிட்ட பேசப் பயந்து வளந்ததே இவராலதான். அவருக்கு என் பேரு, என் மூஞ்சி, ஒண்ணும் தெரியல..."

அவர் அழுதார். நான் தண்ணீர்க் குழாயைத் திருகுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பின்ன யார்தான் மேடம் என்னை இத்தனை வருஷம் பிடிச்சு வச்சது?"

மேடம் காந்தத்தின் இரும்பு மேல் கையை வைத்தார்.

"அவர் சுவிட்சை அன்னைக்கே அணைச்சிட்டுப் போயிட்டாரு சார்."